வயிற்றைச் சுருக்கிய பிறகு: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களுள் ஐந்தை எடுத்துக்கொண்டு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். நான் அறுவை நிபுணர் அல்ல, பொது மருத்துவர். இந்த அறுவை செய்துகொண்டவர்களை அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் புறநோயாளிப் பிரிவில் பார்ப்பது என் வேலை. அந்த அனுபவத்திலிருந்துதான் எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 38, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 104 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரவில் குறட்டையும் மூச்சடைப்பும் உண்டு. ஸ்லீவ் அறுவை செய்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். நன்றாக இருக்கிற வயிற்றை எதற்காக அறுக்க வேண்டும் என்று என் மாமியார் கேட்கிறார். எவ்வளவு எடை குறையும்? சர்க்கரை போய்விடுமா? உயிருக்கு ஆபத்து உண்டா?
(திருப்பூர் வாசகி)

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது உங்கள் மேல் உள்ள அக்கறையால் கேட்கப்பட்ட கேள்வி. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியுள்ள உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையை அளக்கும் குறியீடு) ஏறக்குறைய 41.7 வருகிறது. இந்தியர்களுக்கு அந்த அளவு 25-ஐத் தொட்டாலே உடல் பருமன் என்று கணக்கிடுகிறோம். சர்க்கரையும் இரவு மூச்சடைப்பும் சேர்ந்துவிட்ட நிலையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், மூட்டுகள் எல்லாமே ஒவ்வொரு நாளும் கூடுதல் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. இந்த அளவுக்கு ஏறிவிட்ட எடையை உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் குறைத்து, குறைத்த இடத்திலேயே பல ஆண்டுகள் நிறுத்திவைக்க முடிந்தவர்கள் மிகச் சிலர். அதற்கு மன உறுதியின்மை காரணம் என்று யாரும் உங்களைக் குறை சொல்ல விடாதீர்கள். எடை குறையத் தொடங்கியதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுகின்றன, உடல் செலவிடும் சக்தியும் குறைகிறது. இழந்த எடையை மீட்க உடலே முயல்கிறது.

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டிய ஏறக்குறைய முக்கால் பங்கை நீக்கிவிட்டு, வாழைப்பழ வடிவத்தில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் நீக்கப்படும் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஆகவே வயிறு சிறிதாவதோடு பசியும் தணிகிறது. நீக்கிய பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்தே சம்மதிக்க வேண்டும்.

எடையைப் பொறுத்தவரை, முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு முதல் பத்தில் மூன்று பங்கு வரை குறைவதைச் சாதாரணமாக எதிர்பார்க்கலாம். உங்கள் கணக்கில் அது 26 முதல் 31 கிலோ; அதாவது 73 முதல் 78 கிலோவில் வந்து நிற்பீர்கள். கல்யாணத்தின்போது இருந்த 55 கிலோவுக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்து அறுவை மேசைக்குப் போகிறவர்கள், உண்மையில் நல்ல பலன் கிடைத்தும் ஏமாந்துபோனதாக வருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு சில கிலோ திரும்ப ஏறுவதும் இயல்புதான். சுவீடனில் 1987-இல் தொடங்கிய பெரிய ஆய்வொன்றில், அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2 ஆண்டில் சராசரியாக 23 சதவீதம் குறைந்திருந்த எடை, 10 ஆண்டில் 17 சதவீதக் குறைவாகவும், 20 ஆண்டில் 18 சதவீதக் குறைவாகவும் இருந்தது. செய்துகொள்ளாதவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. அறுவை செய்துகொண்டவர்கள் சராசரியாக 3 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பதையும் அதே ஆய்வு பின்னர் காட்டியது. அதில் பெரும்பாலோருக்கு நடந்தது இன்று வழக்கொழிந்த பழைய வகை அறுவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சர்க்கரை நோய் போய்விடுமா என்றால், பலருக்கு அடங்கும், சிலருக்குத் திரும்பும் என்பதே நேர்மையான பதில். அந்தச் சுவீடன் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுள் 72 சதவீதத்தினருக்கு 2 ஆண்டு முடிவில் நோய் அடங்கியிருந்தது. 15 ஆண்டில் அப்படி இருந்தவர்கள் 30 சதவீதம். நோய் வந்து சில ஆண்டுகளே ஆனவர்களுக்கும், இன்சுலின் ஊசி தேவைப்படாதவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். நீங்கள் அந்த வகையில் வருகிறீர்கள். திரும்ப வந்தாலும் இடையில் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைத்த லாபமே. அறுவை முடிந்த நாளிலிருந்தே சர்க்கரை வேகமாக இறங்கும்; மாத்திரை அளவை உடனே குறைக்காவிட்டால் தாழ்சர்க்கரை மயக்கம் வரும். இதை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உயிராபத்து இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 4,776 பேரைக் கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம், அனுபவம் மிக்க மையங்களில் இன்று அது இன்னும் குறைவு. பித்தப்பை அறுவை போன்ற வழக்கமான அறுவைகளுடன் ஒப்பிடத்தக்க ஆபத்து இது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பதும், தையல் கோட்டில் ஏற்படும் கசிவும்தான் பெரிய அபாயங்கள். முதலாவதைத் தடுக்க ஊசி போடுவார்கள், அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கவும் வைப்பார்கள். வலிக்கிறதே என்று படுத்துக்கொள்ள வேண்டாம்.

கசிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்லீவ் அறுவையில் நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், இரைப்பையின் மேல்முனையில் இது நேரலாம். அப்போது வயிறு கல் போல இறுகும் என்றோ, துடிக்கும் அளவுக்கு வலிக்கும் என்றோ எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. பருமனான உடலில் முதல் அடையாளமாகத் தெரிவது பெரும்பாலும் நாடித் துடிப்புதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120-க்கு மேல் துடித்தால், அதோடு காய்ச்சலோ இடது தோள்பட்டை வலியோ மூச்சு வாங்குதலோ சேர்ந்தால், நள்ளிரவானாலும் அறுவை செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் அதை ‘வாயு’ என்று சொல்லி ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த ஓர் இரவின் தாமதம் பல வாரங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கவைத்துவிடும்.

ஒன்றை உங்கள் கடிதத்தில் காணவில்லை. உங்களுக்கு நெஞ்செரிச்சல், எதுக்களித்தல் உண்டா? இருந்தால் ஸ்லீவ் அதை மோசமாக்கக்கூடும். பின்லாந்தில் நடந்த ஆய்வொன்றில் 10 ஆண்டு முடிவில் எண்டோஸ்கோப்பி பார்த்தபோது, ஸ்லீவ் செய்தவர்களுள் 31 சதவீதத்தினருக்கும் பைபாஸ் (இரைப்பையின் ஒரு சிறு பகுதியை மட்டும் பிரித்துச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை) செய்தவர்களுள் 7 சதவீதத்தினருக்கும் உணவுக்குழாயில் புண் இருந்தது. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துவிட்டு, உங்களுக்கு ஸ்லீவா பைபாஸா என்று முடிவெடுக்கச் சொல்லுங்கள். கட்டணத்தைக் கேட்கும் அதே இடத்தில், ஐந்தாம் ஆண்டில் என்னை யார் பார்ப்பார்கள், என்னென்ன ரத்தப் பரிசோதனை செய்வார்கள் என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராத மருத்துவமனையை விட்டு வேறு இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி: அறுவை இல்லாமல் வாரம் ஒரு ஊசியிலேயே எடை குறைகிறதாமே? அறுவைக்கு என்றால் காப்பீடு கிடைக்குமா?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: ஊசிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றன. டிர்செபடைட் என்ற மருந்து 2025 மார்ச்சில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதன் உயர்ந்த அளவில் சுமார் ஒன்றரை ஆண்டில் சராசரியாக 20 சதவீதம் அளவுக்கு எடை குறைந்ததை ஆய்வுகள் காட்டின. ஆனால் நிறுத்தினால் எடை திரும்புகிறது. இதே போன்ற செமாகுளுடைடு ஊசியை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். எனவே எத்தனை ஆண்டுகளுக்கு இந்தச் செலவைத் தாங்க முடியும் என்று வீட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். காப்பீட்டைப் பொறுத்தவரை, ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்றவை சேர்ந்திருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தால், மருத்துவர் பரிந்துரைக்கும் அறுவைக்குக் கோரலாம். பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும் படித்துப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 24 வயது, எட்டு மாதங்களுக்கு முன் பைபாஸ் அறுவை செய்தோம். 34 கிலோ குறைந்திருக்கிறது. இப்போது தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. தையில் திருமணம் வைத்திருக்கிறோம். குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?
(திருநெல்வேலி, ஒரு தாய்)

பதில்: அறுவைக்குப் பின் மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவது மிகவும் சாதாரணம். எடை வேகமாகக் குறையும்போது முடியின் வேர்கள் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. பெரும்பாலும் ஓராண்டுக்குள் நின்று திரும்பவும் வளரும். ஆனாலும் மகள் என்ன சாப்பிடுகிறாள் என்பதைத் தட்டில் பாருங்கள். சின்ன வயிற்றில் ஒன்றரை இட்லியும் சாம்பாரும் போய்விட்டால் அதற்கு மேல் இடமில்லை. அதில் புரதம் சொற்பம். ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராமை ஒட்டி இருக்கும். எனவே முதலில் முட்டை, மீன், பன்னீர், கெட்டிப் பருப்பு, சுண்டல் ஆகியவற்றைச் சாப்பிட்டுவிட்டு, இடமிருந்தால் சோறு என்று வரிசையை மாற்றுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். இனிப்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால் பயப்பட வேண்டாம். உணவு சிறுகுடலுக்குள் சட்டென்று இறங்குவதால் வருவது அது. திருமண விருந்தில் பாயசத்தை வற்புறுத்தாதீர்கள். பித்தப்பையில் கல் உருவாகாமல் இருக்க முதல் ஆறு மாதங்களுக்கு மாத்திரை கொடுத்திருப்பார்கள். சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் பாருங்கள்.

கருத்தரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எடை குறையும்போது மாதவிலக்கு சீராகி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடவே செய்கிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கரு தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எடை வேகமாக இறங்கும் காலத்தில் சிசுவுக்குச் சத்து போதாமல் போகலாம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை முழுமையாக உட்கிரகிக்கப்படாமல் போக வாய்ப்புண்டு என்பதால் வேறு முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் அறுவையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், முதல் ஆண்டிலேயே ‘விசேஷம் உண்டா’ என்று கேட்கும் ஊரில், மணமகனுக்காவது இது தெரிந்திருப்பது உங்கள் மகளுக்குத் துணையாக இருக்கும் என்பது என் கருத்து.

கேள்வி: என் தங்கைக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை அறுவை நடந்தது. ஆறாவது வாரத்திலிருந்து ஓயாத வாந்தி. பக்கத்து நர்சிங் ஹோமில் தினமும் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்வை இரட்டையாகத் தெரிந்தது, கால்கள் தள்ளாடின, பேச்சு குழறியது. இன்றும் கைத்தடியோடுதான் நடக்கிறாள். இது அறுவையின் தவறா, எங்கள் விதியா?
(சேலம், ஓர் அக்கா)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைபாட்டுக்கே பொருந்துகிறது. 1881-இல் இந்த மூளைப் பாதிப்பை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கேயின் பெயராலேயே அதை அழைக்கிறோம். நம் உடல் தயமினை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்துவைப்பதில்லை. சாப்பாடு குறைந்து, சாப்பிட்டதும் வாந்தியாகிப் போகும்போது அந்தச் சேமிப்பு கரைந்துவிடுகிறது. குளுக்கோஸைச் சக்தியாக மாற்றுவதற்கு மூளைக்குத் தயமின் வேண்டும். சேமிப்பு தீர்ந்த உடலில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகிறது. தயமின் ஊசி அரிதான மருந்தும் அல்ல, விலை உயர்ந்ததும் அல்ல என்பதுதான் மனத்தை வருத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதேபோல ஓர் இளம்பெண்ணைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தார்கள். என் விரலைப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நகர்த்தினேன். விரலைத் தொடர்ந்த கண்கள் நிலைகொள்ளாமல் துடித்தன. எழுந்து நிற்கச் சொன்னபோது கால்களை அகட்டிவைத்துக் கணவரின் தோளைப் பற்றிக்கொண்டார். அவருடைய அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் அன்று மகள் குடித்தது எத்தனை டம்ளர், வாந்தி எடுத்தது எத்தனை முறை என்று பென்சிலில் குறித்திருந்தது. இருபத்தாறு தாள்கள். அவ்வளவு அக்கறையுள்ள அம்மாவுக்கு, இரண்டு மூன்று நாள் வாந்தி நிற்காவிட்டாலே வரச் சொல்லி ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. தயமினை ரத்தக் குழாய் வழியாக உயர்ந்த அளவில் கொடுக்கத் தொடங்கிய சில நாட்களில் கண் துடிப்பு அடங்கியது. நடை சீராக மாதங்கள் ஆயின.

எனவே விதி என்ற சொல்லை விட்டுவிடுங்கள். உங்கள் குடும்பத்தின் தவறும் இல்லை. அறுவையின் பின்விளைவாக வாந்தி வரலாம். குழாயின் நடுவே சுருக்கம் ஏற்பட்டிருந்தால் எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்து விரிக்கலாம். தடுத்திருக்கக்கூடியது அதற்குப் பிறகு நடந்தது. தங்கையை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, பி1, பி12, செம்புச்சத்து ஆகியவற்றைப் பரிசோதித்துப் பாருங்கள்; கால் மரத்துப்போவதற்கும் தள்ளாட்டத்துக்கும் பின்னிரண்டும் காரணமாகலாம், அவற்றைச் சரிசெய்யவும் முடியும். இயன்முறைப் பயிற்சியை இரண்டு ஆண்டு ஆகிவிட்டதே என்று கைவிட வேண்டாம். இந்தப் பகுதியைப் படிக்கும் ஊர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என் வேண்டுகோள்: எடைக்குறைப்பு அறுவை செய்தவர் வாந்தியோடு வந்தால், குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முன் தயமினைப் போடுங்கள்.

கேள்வி: பைபாஸ் செய்து ஐந்து ஆண்டு ஆகிறது. 128 கிலோவிலிருந்து 84-க்கு வந்தேன், இப்போது 97. மருத்துவமனைக்குத் திரும்பப் போக வெட்கமாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு எங்கள் ஊர் டாக்டர் அவ்வப்போது வலி ஊசி போடுகிறார். சில நாட்களாக மலம் கறுப்பாகப் போகிறது. வேலை முடிந்து வந்தால் கொஞ்சம் மது அருந்துவேன்.
(மதுரை வாசகர்)

பதில்: மலம் கறுப்பாகப் போவது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். கடிதத்தில் தொலைபேசி எண் இருந்ததால், அது கிடைத்த அன்றே உங்களோடு பேசி மருத்துவமனைக்கு அனுப்பினேன், எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்ததையும் சிகிச்சை தொடங்கியதையும் சொன்னீர்கள். உங்கள் அனுமதியோடு மற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைபாஸில் இரைப்பையின் மேற்புறத்தில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். அந்த இணைப்பில் புண் வருவதற்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் போன்ற வலி மருந்துகளும் புகையும் முக்கியக் காரணங்கள். ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்துதான். பாராசிட்டமால் போதும். பைபாஸ் செய்தவர் என்று எழுதிய சீட்டு ஒன்றைப் பணப்பையில் வைத்திருங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். விட்டுவிட்டு வரும் கடுமையான வயிற்றுவலி, ஐந்தாம் ஆண்டிலும், குடல் உள்ளிடுக்கில் நுழைந்து முறுக்கிக்கொண்டதால் வந்திருக்கலாம். அதற்கும் அன்றே ஸ்கேன் பார்க்க வேண்டும்.

மது விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் மிக வேகமாகவும் அதிகமாகவும் ஏறுகிறது. முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. அறுவைக்கு முன் குடிப் பழக்கமே இல்லாதவர்கள்கூட இரண்டாம் மூன்றாம் ஆண்டில் அடிமையாவதைப் பார்க்கிறோம். தயமினையும் அது அழிக்கிறது. நிறுத்திவிடுங்கள், தனியாக முடியாவிட்டால் உதவி கேளுங்கள். மனச்சோர்வு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எடைக்கு வருகிறேன். 128-இலிருந்து பார்த்தால் இன்றும் 31 கிலோ குறைவாக இருக்கிறீர்கள், அது தோல்வியாகாது. ஏறிய 13 கிலோவுக்கு வழி உண்டு: உணவியல் ஆலோசனை, தேவைப்பட்டால் முன்னே சொன்ன ஊசிகள், மிகச் சிலருக்கு மறு அறுவை. நீங்கள் வெட்கப்பட்டு விலகி நின்ற மூன்று ஆண்டுகளில் எடையை விடப் பெரிய இழப்பு, ஒரு ரத்தப் பரிசோதனைகூட நடக்காததுதான். ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பு, பி12, போலிக் அமிலம், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், சர்க்கரை ஆகியவற்றை இந்த வாரமே பாருங்கள், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பி12 ஊசியும் கால்சியம் சிட்ரேட் மாத்திரையும் உங்களுக்கு ஆயுள் முழுவதும் உண்டு. கால்சியத்தையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.